சனியும் ஞாயிறும் வீட்டுக்கு: களப்புக்கரை ஊரில் குறைந்த செலவில் வீடு புதுப்பித்தல்

சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாட்களுக்குள், வீட்டாரின் கையாலேயே, கையிலுள்ள சிறு தொகையைக் கொண்டு ஒரு வீட்டைத் திருத்தி அழகுபடுத்துவது இன்று உலகின் பல நாடுகளில் பொழுதுபோக்காகவும் பெருவணிகமாகவும் வளர்ந்திருக்கிறது. அதற்கெனத் தனிக் கடைகளும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் உள்ள நாடுகளில் விற்கப்படும் ஆயத்தப் பலகைகளும் சுவரில் ஒட்டும் தாள்களும் தெளிப்புப் பெயின்ட்டுகளும், கைப்பேசித் திரை வழியாக இலங்கையின் கிழக்குக் கரை வீடுகளுக்குள்ளும் ஆசையை விதைத்துள்ளன. ஆனால் திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கிண்ணியாப் பிரதேசத்தில், களப்பு நீரை ஒட்டியிருக்கும் குறிஞ்சாக்கேணி போன்ற ஓர் ஊரில் அவற்றை அப்படியே பின்பற்றினால், செலவிட்ட பணமும் உழைப்பும் ஒரு மாரிகாலத்துக்குள் கரைந்துபோகக் கூடும். நிலத்தடியிலிருந்து உப்பு ஏறும் சுவர், நீண்ட வெயில், அதன் பின் வரும் அடைமழை என்ற மூன்றையும் தாங்க வேண்டிய வீட்டுக்கு வேறொரு வழிமுறை தேவைப்படுகிறது. எந்த வேலையை முதலில் செய்வது, அதை எந்தப் பருவத்தில் செய்வது, ஊரில் ஏற்கெனவே இருக்கும் எந்தக் கைத்திறனைத் துணைக்கு அழைப்பது என்பவற்றை அறிந்து செய்வதிலேயே உண்மையான சிக்கனம் அடங்கியிருக்கிறது.

வீடுகளின் பின்னணி

குறிஞ்சாக்கேணியின் பெயரை நாடு முழுவதும் அறிந்தது ஒரு துயரத்தின் வழியாகும். களப்பின் மேலிருந்த பாலம் மீளக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 அன்று, களப்பைக் கடக்கப் பயன்பட்ட, படகுப்பாதை எனப்படும் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். அதற்கு முன் 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை கிண்ணியாக் கரையோரத்தைக் கடுமையாகத் தாக்கியது. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கரையோர மாவட்டங்களில் அரசும் உதவி நிறுவனங்களும் கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு 500 சதுர அடி என்பது அடிப்படை அளவாகக் கொள்ளப்பட்டது. ஒரே வரைபடத்தின்படி வரிசையாக எழுந்த அந்த வீடுகளுக்கு உறுதி கிடைத்தது. ஒரு குடும்பத்தின் தேவைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ற முகம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்து, படிக்க ஓரிடமும் துணி வைக்க ஓரிடமும் வேண்டியபோது, அந்த முகத்தைக் கொடுக்கும் பொறுப்பு வீட்டாரிடமே வந்து சேர்ந்தது.

அந்தப் பொறுப்பை மேலும் பாரமாக்கியது 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி. அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் 360 ரூபாயை அண்மித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. இறக்குமதியாகும் மூலப்பொருளை நம்பியிருக்கும் பெயின்ட், தரை ஓடு, இரும்புச் சாமான், ஒட்டுப்பலகை ஆகியவற்றின் விலை அதனுடன் சேர்ந்து ஏறியது. திருகோணமலைத் துறைமுகக் கரையிலேயே சீமெந்து ஆலை இருந்தபோதிலும் சீமெந்தின் விலையும் அந்த ஏற்றத்துக்குத் தப்பவில்லை. விலை ஏற்றம் பின்னர் தணிந்தாலும் ஏறிய விலைகள் பழைய நிலைக்குத் திரும்பாததால், கடையிலிருந்து வாங்கி மாற்றுவது என்ற முறை பல குடும்பங்களுக்கு எட்டாததாகி, இருப்பதைத் திருத்துவது என்ற முறை மீண்டும் மதிப்புப் பெற்றது.

முதல் வேலை: நீர் வரும் வழியை அடைத்தல்

வீட்டை அழகுபடுத்த விரும்புவோர் பெரும்பாலும் வர்ணத்திலிருந்து தொடங்குகின்றனர். களப்புக்கரை ஊரில் இதுவே மிகுந்த இழப்பைத் தரும் தொடக்கமாகும். செங்கல்லிலும் புளொக் கல் எனப்படும் சீமெந்துக் கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில் அந்த நுண்துளைகள் வழியே நீர் தானாகவே சுவரில் மேலேறும். களப்பை ஒட்டிய நிலத்தில் அந்த நீருடன் உப்பும் ஏறுகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் எஞ்சிப் படிகமாகிறது. வெளியே வெண்மையாகப் படியும்போது அதனை உப்புப் பூத்தல் என்பர். பூச்சுக்கு உள்ளேயே படிகம் பருத்தால் அது சாந்தைப் பொருமச் செய்து உதிர்த்துவிடும். இத்தகைய சுவரின் மேல் நீர் புகாத பெயின்ட்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி, பூச்சு கொப்பளித்துத் தகடு தகடாக உரிந்துவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் செலவின்றியே கண்டறியலாம். ஒரு முழ அகலமுள்ள பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதவாறு ஒட்டுநாடாவால் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். பொலித்தீனின் உட்புறத்தில், அதாவது சுவரை நோக்கிய பக்கத்தில், நீர்த்துளி படிந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் மட்டும் படிந்திருந்தால் அது அறையின் காற்றிலுள்ள ஈரமே. முதல் வகையாயின், சுவரோரம் குவிந்திருக்கும் மண்ணை அகற்றித் தரைமட்டத்தைத் தாழ்த்துவதும், உடைந்த பீலியைச் சரிசெய்வதும், கூரைநீர் விழும் வரிசை நெடுகிலும் ஒன்றரை அடி அகலத்துக்குச் சரளைக் கல்லோ சிப்பி ஓடோ பரப்பி மண் தெறிக்காமல் தடுப்பதும் முதல் வார இறுதியின் வேலைகளாகும். மண்வெட்டியும் வாளியும் இருவரின் உழைப்பும் இவற்றுக்குப் போதும்.

சுவரில் ஏற்கெனவே பூத்திருக்கும் உப்பைக் கழுவ முயல்வது பலரும் செய்யும் தவறு. நீர் பட்டால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போகும். உலர்ந்த நிலையில் முரட்டுத் தும்புத் தூரிகையால் தட்டி, உதிரும் தூளைக் கூட்டி வெளியேற்றுவதே சரியான முறை. இதனை ஒரு கோடைகாலத்தில் இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்தால் மேற்பரப்பிலுள்ள உப்பு வெகுவாகக் குறையும். அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் படை, அதாவது நிலத்து நீர் மேலேறாமல் தடுக்க அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே வைக்கப்படும் நீர் புகாத அடுக்கு, இல்லாத வீட்டில் இந்தக் குறை முற்றாகத் தீராது. ஆயினும் அதனுடன் ஒத்துப்போகக்கூடிய ஒரு பூச்சு உண்டு.

சுண்ணாம்பின் மீள்வருகை

அந்தப் பூச்சு சுண்ணாம்பு. நோன்புப் பெருநாளும் பொங்கலும் வருவதற்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது முஸ்லிம், தமிழ் ஆகிய இரு சமூகத்தாரின் வழக்கிலும் இருந்தது. பெயின்ட் வாளிகள் மலிந்த காலத்தில் அது ஏழ்மையின் அடையாளமாகக் கருதப்பட்டு மதிற்சுவருக்கு ஒதுங்கிற்று. உண்மையில் உப்பீரம் ஏறும் சுவருக்குச் சுண்ணாம்பைப் போல் இசைவான பூச்சு அரிது. சுண்ணாம்புக் கல், சிப்பி ஆகியவற்றின் முதன்மைக் கூறு கல்சியம் காபனேற்று. அதனை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் காபனீரொட்சைட்டு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் விடும்போது கொதித்துப் பொங்கி நீற்றிய சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசப்பட்ட நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை மீண்டும் உள்வாங்கிக் கல்சியம் காபனேற்றாக, அதாவது மெல்லிய கல் படலமாக, இறுகுகிறது. அந்தப் படலத்தில் நுண்துளைகள் இருப்பதால் சுவரின் ஈரம் தடையின்றி வெளியேறும். உப்பு ஓரிடத்தில் பூச்சை உதிர்த்தாலும் அந்த இடத்தை மட்டும் தட்டிவிட்டு மறுபடி பூசலாம்.

பூசும் முறையில் நான்கு விதிகள் முக்கியமானவை. நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்துச் சில நாட்களாவது ஊறவிட்டு, பாலின் பதத்துக்கு நீர் கலந்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். பூசுவதற்கு முன் நல்ல நிலையிலுள்ள சுவரில் நீர் தெளித்து நனைக்க வேண்டும். வறண்ட சுவர் பூச்சிலுள்ள நீரை உறிஞ்சிவிட்டால் சுண்ணாம்பு இறுகாமல் கையில் ஒட்டும் தூளாகவே நின்றுவிடும். தடிப்பாக ஒருமுறை பூசுவதை விட, மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசுவது நல்லது. பூசும்போது பூச்சு கண்ணாடிபோல் ஊடுதெரிந்தாலும் காயக் காய வெண்மை ஏறும் என்பதால், முதல் தடவை வெண்மை போதவில்லை என்று மேலும் அப்பக் கூடாது. நண்பகல் வெயில் நேராக விழும் சுவரைத் தவிர்த்து, காலையிலோ பிற்பகல் நிழலிலோ பூச வேண்டும்.

வெள்ளையடிக்கும் கலவையில் ஒரு கைப்பிடி உப்புச் சேர்ப்பது பல இடங்களில் உள்ள பழக்கம். உப்பு காற்றின் ஈரத்தைப் பிடித்துவைத்துச் சுண்ணாம்பு மெதுவாகக் காய உதவுவதால் அது உலர்ந்த பகுதிகளில் பயனுள்ளது; உப்பினாலேயே கெடும் களப்புக்கரைச் சுவருக்கு அதனை விலக்கி, வடித்த அரிசிக் கஞ்சியைச் சிறிதளவு சேர்ப்பதே பொருத்தம். வர்ணம் வேண்டுமாயின் காவி மண்ணும் மஞ்சட் காவியும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குவன. துணிக்குப் போடும் நீலம் சிறிது சேர்த்தால் வெள்ளை மேலும் பளிச்சிடும். மஞ்சள் தூள் சுண்ணாம்புடன் சேர்ந்தவுடன் சிவந்து, பின்னர் வெளிறிவிடும் என்பதால் அது பயன்படாது. பிளாஸ்டிக் தன்மையுள்ள இமல்ஷன் பெயின்ட் முன்னரே பூசப்பட்ட சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. ஆகவே சமையலறை, திண்ணை, கிணற்றுக் கட்டு, மதில் போன்ற பெயின்ட் காணாத பரப்புகளே இதற்கு ஏற்றவை. சுண்ணாம்பு கடுங்காரமுள்ள பொருளாதலால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு நேரும். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் எவரும், குறிப்பாகச் சிறுவர், அதனைத் தொடக் கூடாது.

பாயும் ஓலையும் வீட்டின் உறுப்பாதல்

சுவர் சீரான பின் உள்ளலங்காரத்துக்கு வரலாம். இங்கேதான் கிழக்கு மாகாணத்துக்கு ஒரு தனிச் செல்வம் உண்டு. நீர்நிலைகளின் ஓரம் வளரும் பன் என்ற கோரைவகைப் புல்லைக் கீறி, காயவைத்து, சாயத்தில் அவித்துப் பாய் இழைப்பது கிழக்கின் ஊர்ப் பெண்களிடம், குறிப்பாக முஸ்லிம் பெண்களிடம், வழிவழியாக வந்த கலை. வடக்கிலும் கிழக்கிலும் பனை ஓலையால் பெட்டி, சுளகு, கடகம், நீத்துப்பெட்டி ஆகியவை இழைக்கப்படுகின்றன. பனைசார் கைத்தொழிலை வளர்க்க 1978 இல் பனை அபிவிருத்திச் சபையும், கைப்பணியாளருக்குத் துணைநிற்க 1982 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் தேசிய அருங்கலைகள் பேரவையும் அமைக்கப்பட்டன. எனினும் இந்தப் பொருட்கள் படுக்கையாகவும் பாத்திரமாகவும் மட்டுமே எண்ணப்படுவதால், பிளாஸ்டிக் பாயும் பிளாஸ்டிக் கூடையும் வந்ததும் அவற்றின் இடம் சுருங்கிற்று.

பாயைக் கட்டடத்தின் உறுப்பாகவே கொள்ளலாம் என்பதை இலங்கையின் முதற் பெண் கட்டடக் கலைஞரான மினெட் டி சில்வா எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே காட்டினார். 1949 முதல் 1951 வரை கண்டியில் அவர் கட்டிய கருணாரத்ன இல்லத்தில், தும்பறைப் பகுதியின் நெசவுப் பாய்கள் கதவுப் பலகைகளில் பதிக்கப்பட்டன. கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா தன் வீட்டை உருவாக்கியபோது, தமிழ்நாட்டுச் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய மரத் தூண்களை அதில் நிறுத்தினார். அவ்விருவருக்கும் முன்பே, கொழும்பில் பிறந்த கலை அறிஞரான ஆனந்த குமாரசுவாமி, 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில், கம்மியரும் பாய் இழைப்போரும் குயவரும் செய்யும் அன்றாடப் பொருட்களைக் கலையாகவே ஆராய்ந்திருந்தார். வசதி படைத்தோர் வீடுகளில் பெருமையாகக் கொள்ளப்பட்ட இந்த வழி, 500 சதுர அடி வீட்டுக்கும் அதே அளவு பொருந்தும்.

அலுமாரிக் கதவை எடுத்துக்கொள்வோம். மாரிகாலத்தில் ஊறி வளைந்த ஒட்டுப்பலகையை மாற்றுவதற்குப் புதுப்பலகை வாங்கினால் செலவு அதிகம். அதே பலகை அடுத்த மாரியில் மீண்டும் வளையும். சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு பழைய பலகையை மட்டும் கழற்றி, அந்த இடைவெளியை விடச் சுற்றிலும் இரண்டு சென்றிமீற்றர் கூடுதலாகப் பன்பாயில் அளவு குறிக்க வேண்டும். வெட்டியதும் பாயின் இழைகள் பிரியத் தொடங்குமாதலால், வெட்டுவதற்கு முன்பே குறித்த கோட்டின் உட்புறமாகத் தடித்த நூலால் இரட்டைத் தையல் போட்டுவிட வேண்டும். பின்னர் பாயை ஈரத் துணியால் ஒற்றி இளகச்செய்து, சட்டத்தின் பின்புறம் மேல் ஓரத்தில் தொடங்கி, எதிரெதிர் ஓரங்களாக இழுத்துச் சிறு ஆணிகளால் பொருத்தி, ஆணித்தலைகள் மறையும்படி மெல்லிய மரப்பட்டி அடித்தால் வேலை முடிந்தது. காய்ந்தபின் பாய் சட்டத்தில் இறுகி நிற்கும். இழைகளின் ஊடே காற்றுப் புகுவதால், மாரிகாலத்தில் மூடிய அலுமாரிக்குள் துணியில் பூஞ்சணம் பிடிப்பதும் குறைகிறது. சனிக்கிழமை காலையில் பலகையைக் கழற்றி மரச்சட்டத்தை மணல்தாளால் தேய்த்து எண்ணெய் பூசினால், ஞாயிறு நண்பகலுக்குள் கதவை மாட்டிவிடலாம். கழன்ற மூட்டுகளைச் சேர்ப்பது தெரியாதவர் அந்த ஒரு பகுதியை மட்டும் ஊர்த் தச்சரான ஓடாவியாரிடம் கொடுப்பது தகும்.

இதே முறையில் பாயைச் சட்டமிட்டு அறைத் தடுப்பாகவும் படிக்கும் மேசையின் மறைப்பாகவும் ஆக்கலாம். நைந்த சாரத்தில் விளிம்பு கெட்டாலும் நடுப்பகுதி உறுதியாகவே இருக்கும். மருதமுனை, காத்தான்குடி ஆகிய ஊர்களின் கைத்தறிச் சாரங்களின் கட்டங்கள் திரைச்சீலைக்கும் மெத்தை உறைக்கும் எடுப்பானவை. மூடியுள்ள பனையோலைப் பெட்டிகள் தாள்களையும் தையற் சாமான்களையும் ஒழுங்காக வைக்க உதவும். இவற்றுக்கான பாயையும் பெட்டியையும் இழைப்பவரிடமே அளவு சொல்லி வாங்கினால், வெட்டி வீணாகும் துண்டு குறைவதுடன், பணமும் ஊருக்குள்ளேயே ஒரு பெண்ணின் கைக்குப் போய்ச் சேரும்.

கழிபொருளும் நுளம்பும்

கழித்த பொருளை மறுபடி பயன்படுத்துவது வார இறுதிக் கைவேலையில் மிகவும் விரும்பப்படும் பகுதி. போத்தல், சிரட்டை, டயர், தகர டின், உரப்பை என எதுவும் பூச்சாடியாகலாம் என்ற எண்ணம் எங்கும் பரவியிருக்கிறது. கிண்ணியாவில் இந்த எண்ணத்துக்கு ஒரு கண்டிப்பான எல்லை உண்டு. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர் எனப் பதிவாகியது. அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் கடுமையாகத் தாக்கப்பட்ட இடங்களுள் கிண்ணியாவும் ஒன்று. அங்கு உயிரிழப்புகளும் நேர்ந்தன. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புக்குக் குளமோ வாய்க்காலோ தேவையில்லை. ஒரு சிரட்டையில் தேங்கும் மழைநீரே போதும்.

அந்த நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதம் உயிருடன் ஒட்டிக்கொண்டிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கின்றன. முட்டை முழு நுளம்பாக வெப்பமான காலநிலையில் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகையால் வாரத்துக்கு ஒருமுறை நீரைக் கொட்டி, உட்சுவரைத் தும்பால் தேய்த்துக் கழுவினால் அந்தச் சுழற்சி முறிந்துவிடும். நீரை மட்டும் கொட்டினால் முட்டை எஞ்சும். வீட்டைப் புதுப்பிக்க ஒதுக்கும் சனிக்கிழமையின் முதல் அரைமணி நேரத்தை இந்தச் சுற்றுக்கென்றே வைப்பது வேறெந்த அலங்காரத்தையும் விடக் குடும்பத்துக்கு நன்மை தரும்.

இந்த அறிவைக் கொண்டு கைவேலையைத் தெரிவுசெய்தால் ஆபத்தின்றிப் பயன்பெறலாம். அடியில் துளையிட்டு, நீர் தேங்கும் தட்டு வைக்காமல், வாய்விளிம்பு வரை மண் நிரப்பிய சாடியே பாதுகாப்பானது. டயரை எப்படிக் கவிழ்த்தாலும் அதன் உட்குழிவில் நீர் நிற்குமாதலால், முழுவதும் மண் நிரப்ப முடியாதாயின் அதனை விலக்குவதே மேல். உரப்பை நீரை வடியவிடுவதால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஏற்ற தொட்டியாகும். மீனவர் கழித்த நைலோன் வலையை மேற்குச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளிக் கம்புகளில் இழுத்துக் கட்டி, அதில் பாகலோ பீர்க்கோ பயிற்றங்காயோ படரவிட்டால், பிற்பகல் வெயில் சுவரைச் சுடாமல் தடுத்து அறையின் வெம்மையைத் தணிக்கும். சமையலுக்குக் காயும் கிடைக்கும். கடலில் வீசப்பட்டிருந்தால் மீனையும் ஆமையையும் சிக்கவைத்துக் கொன்றிருக்கக்கூடிய வலை இவ்வாறு நிழற்பந்தலாகிறது.

துறைமுக நகரை அண்டிய பகுதிகளில், சரக்குகளை அடுக்கப் பயன்படும் பலட் எனப்படும் மரத்தட்டுகளும் பழைய சாமான் விற்போரிடம் கிடைப்பதுண்டு. பன்னாட்டு வணிகத்தில் வரும் மரத்தட்டில் பூச்சி நீக்கிய முறையைக் காட்டும் முத்திரை இருக்கும். எச்.டி. என்ற எழுத்துகள், மரத்தின் மையப்பகுதி வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதைக் குறிப்பதால் அது வீட்டுக்கு ஏற்றது. எம்.பி. என்ற எழுத்துகள் மெதைல் புரோமைட்டு என்ற நச்சுவாயுவால் புகையூட்டப்பட்டதைக் குறிப்பன. அதனையும் முத்திரையற்ற, எண்ணெய்க் கறை படிந்த தட்டுகளையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

பருவம், நாள், பணம்

கிழக்குக் கரையில் வேலையின் வெற்றியைப் பருவம் தீர்மானிக்கிறது. மாரிமழை ஒக்டோபர் மாதத்திலிருந்து ஜனவரி வரை நீள்கிறது. மே முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து வரும் வறண்ட வெப்பமான கச்சான் காற்று வீசுகிறது. மழைக்குப் பின் நிலம் உலரும் பெப்ரவரி, மார்ச் மாதங்கள் சுண்ணாம்புக்கும் பெயின்ட்டுக்கும் உகந்தவை. கச்சான் காலம் உப்பைத் தட்டி அகற்றவும் மரச்சாமான்களை உலர்த்தித் திருத்தவும் ஏற்றது. அப்போது பூசும் சுண்ணாம்பு வேகமாகக் காய்ந்து தூளாகிவிடும். செப்டெம்பர் மாதத்தின் வார இறுதிகள் பீலிக்கும் கூரைக்கும் உரியவை. காற்றில் ஈரம் மிகுந்த மாரிநாட்களில் பன்னும் ஓலையும் வறண்டு முறியாமல் இளகி நிற்பதால் பாய் வேலையும் ஓலை வேலையும் அப்போது எளிது. இவ்வாறு ஆண்டு முழுவதற்கும் வேலை பிரிந்துவிடுவதால் ஒரே மாதத்தில் பெருஞ்செலவு விழுவதில்லை.

நாட்களைப் பிரிப்பதிலும் ஊரின் வாழ்வொழுங்கை மதிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆத் தொழுகைக்கு உரியது. ஞாயிறு காலையில் பல பிள்ளைகள் அஹதியா சமய வகுப்புக்குச் செல்வர். ஆகவே வெள்ளி மாலையில் பொருள் சேர்த்து அறையை ஒதுக்கி, சனி காலையில் தேய்த்தல், அடைத்தல் ஆகிய முன்வேலைகளை முடித்து, சனி பிற்பகலில் முதற் பூச்சும் ஞாயிறு பிற்பகலில் இரண்டாம் பூச்சும் முடிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். இந்த நேரத்துக்குள் அடங்காத வேலையை இரண்டாகப் பிரித்து, பாதி முடிந்தாலும் வீட்டில் புழங்கத் தடையில்லாத இடத்தில் நிறுத்த வேண்டும். பெருநாளுக்கு முன் வெள்ளையடிக்க விரும்புவோர் நோன்பு மாதம் தொடங்குவதற்கு முன்பே அதனை முடித்துவிடுவது உடலுக்கும் நல்லது.

பணக்கணக்கு அளவெடுப்பதிலிருந்து தொடங்குகிறது. பத்து அடி நீளமும் பத்து அடி அகலமும் ஒன்பது அடி உயரமும் உள்ள அறையின் நான்கு சுவர்களும் சேர்ந்து 360 சதுர அடி. ஒரு கதவுக்கும் இரு யன்னல்களுக்கும் 45 சதுர அடி கழித்தால் 315 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 29 சதுர மீற்றர் எஞ்சும். ஒரு லீற்றர் இமல்ஷன் பெயின்ட் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீற்றர் வரும் என்பதால், இரு பூச்சுக்கு 6 லீற்றர் போதும். இந்தக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதாமல் கடைக்குச் செல்வோர் பெரிய வாளியை வாங்கிவிட்டு, மிச்சத்தை உறையவிட்டு வீசுகின்றனர். மதிப்பிட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத தேவைக்கு ஒதுக்கி வைப்பதும், ஏணி, துளைகருவி போன்றவற்றை வாங்காமல் இரவல் பெறுவதும் செலவைக் கட்டுக்குள் வைக்கும்.

தொடக் கூடாதவை

சிக்கனத்தின் பெயரால் உயிரைப் பணயம் வைக்க முடியாது. இலங்கையில் பல வீடுகளின் கூரையாக உள்ள அஸ்பெஸ்டஸ் தகட்டில் மிக நுண்ணிய நார்கள் உள்ளன; அவற்றைச் சுவாசிப்பது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என உலக சுகாதார நிறுவனம் உறுதியாகக் கூறுகிறது. பழுதின்றி இருக்கும் தகட்டை அப்படியே விடலாம். அதில் துளையிடுவதும், அறுப்பதும், பாசி போக உலர்வாகத் தேய்ப்பதும், உடைந்த துண்டைப் பூச்சாடிக்கு அடியில் பரப்புவதும் கூடவே கூடாது. பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம். இலங்கையில் 2013 ஜனவரி 1 முதல் பெயின்ட்டிலுள்ள ஈயத்துக்கு உச்ச அளவு விதிக்கப்பட்டுள்ளது. அதற்கு முற்பட்ட கதவு, யன்னல், தொட்டில் ஆகியவற்றை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அவற்றை ஈரப்படுத்தித் தேய்த்து, தூளை ஈரத் துணியால் ஒற்றியெடுத்து, அந்த நேரத்தில் பிள்ளைகளை வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும். 230 வோல்ற்று மின்சாரம் பாயும் கம்பிகளைத் தேர்ந்த மின்தொழிலாளியிடமே விட வேண்டும். பாய், ஓலை, துணி ஆகியவற்றால் செய்த அலங்காரம் எதுவும் மின்குமிழுக்கும் அடுப்புக்கும் அருகில் வரக் கூடாது.

ஊரின் பங்கு

இவ்வாறு நோக்கும்போது வார இறுதிக் கைவேலை ஒரு வீட்டின் தனி முயற்சியாக நின்றுவிட வேண்டியதில்லை. ஓர் ஏணி, ஒரு துளைகருவி, இரண்டு மூன்று தூரிகைகள், ஒரு பாதுகாப்புக் கண்ணாடித் தொகுதி ஆகியவற்றை மாதர் சங்கமோ பள்ளிவாசல் நிருவாகமோ பழைய மாணவர் சங்கமோ பொதுவில் வாங்கி இரவல் கொடுத்தால், ஒவ்வொரு குடும்பமும் அவற்றைத் தனித்தனியே வாங்கும் செலவு மிச்சமாகும். பாய் இழைப்பவரையும் ஓடாவியாரையும் ஒரு சனிக்கிழமை பாடசாலைக்கு அழைத்து, பிள்ளைகள் தம் வகுப்பறையின் ஒரு தடுப்பைத் தாமே செய்யும்படி வழிகாட்டச் செய்தால், அந்தக் கைத்திறன் இழைப்பவரின் வீட்டோடு முடிந்துபோகாமல் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். பேரலையும் நோயும் விலையேற்றமும் கண்ட ஓர் ஊருக்குத் தன் வீட்டைத் தானே பேணத் தெரிந்திருப்பது பெரும் பலம். கடன் வாங்காமல் கிடைக்கும் அந்தப் பலத்தைத் தேடிக்கொள்ள மாதத்தில் ஒரு வார இறுதியை ஒதுக்கினாலே போதும், ஓராண்டில் ஒரு சிறு வீட்டின் சுவரும் கூரையோரமும் கதவும் முற்றமும் ஒரு சுற்றுப் புதுப்பிக்கப்பட்டுவிடும்.